வசனத் தாள் என்று வந்த கடிதங்கள்

நான் செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் என்னை நம்பித் தன் காதல் கடிதங்களைப் படிக்கக் கொடுத்தார். அவற்றில் இருந்ததை நான் நாலு பேர் முன்னால் சொன்னேன். அது ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. அவரே என்னைச் சொல்லவைத்தார் என்று இன்று சிலர் நம்புகிறார்கள். முக்கியமாக, சென்னையில் ஒரு குடும்பம் நம்புகிறது. அது உண்மை இல்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஒரு காலத்தில் தமிழ் சினிமாவின் பெரிய கதாநாயகி. கன்னடக்காரர். பெயரை எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்கு என்னால்தான் தெரிந்தது. தெரியாதவர்கள் அப்படியே இருக்கட்டும்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பெங்களூரில் பிறந்தவன். வீட்டில் வட ஆற்காட்டுத் தமிழ், தொம்மலூர் அரசுப் பள்ளியில் கன்னட வழிப் படிப்பு. தமிழ் படிக்க என் அப்பாவிடம் தனியாகக் கற்றுக்கொண்டேன். இரண்டு மொழியும், இரண்டு எழுத்தும் தெரிவது எங்கள் ஊர்த் தமிழர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. அதற்காக ஒருவர் என்னைத் தேடிப்பிடிப்பார் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனைவியைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். கண்ணில் மருந்து விட்டு, திறக்கக் கூடாது என்று வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் ஈஜிபுராவிலிருந்து வந்த ஒரு பெரியவர், கையெழுத்துப் போடச் சொன்ன கன்னடப் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்தார். நான் அதை வரி வரியாகப் படித்து, தமிழில் சொன்னேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னும் எத்தனை நேரம் இப்படியே உட்காரணும், சிஸ்டர்?"

என் மனைவி மூடிய கண்ணோடு என் தொடையில் தட்டினாள்.

"ஏங்க, திரும்பிப் பாருங்க. அந்தக் குரல் அவங்கதானே?"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பருத்திச் சேலை, குட்டையாக வெட்டிய நரைமுடி, கறுப்புக் கண்ணாடி. முகத்தை வைத்து நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். என் மனைவி குரலிலேயே பிடித்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன் அவர் போட்ட மாதிரிக் கை வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டவள் அவள்.

நாங்கள் பேசுவதற்குள் அவரே என்னைக் கேட்டார். "கன்னடம் படிச்சுத் தமிழ்ல சொன்னது நீங்களா? ரெண்டும் உங்களுக்கு நல்லா வருமா?"

"ரெண்டும் என் பாஷைதாம்மா."

"தமிழைக் கன்னட எழுத்துல எழுதியிருந்தா படிப்பீங்களா?"

விசித்திரமான கேள்வி. படிப்பேன் என்றேன். வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் வீடும் தொம்மலூரில்தான், எங்களுக்கு மூன்று தெரு தள்ளி, அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சின்ன மாடி வீடு. அத்தனை ஆண்டுகள் அந்த வழியாகத்தான் காய்கறிக்குப் போய்வந்திருக்கிறேன்.

முதல் நாள் போனபோது, அவரைப் பார்த்துக்கொள்ளும், மண்டியாவிலிருந்து வந்த கன்னடக்கார அம்மாளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, மருத்துவ அறிக்கைகள் வைத்திருக்கும் ஃபைலை என்னிடம் நீட்டினார். ரத்தப் பரிசோதனைத் தாள்களுக்குக் கீழே பழுப்பேறிய தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் காட்சி எண், இடம், பகல் அல்லது இரவு. கீழே கன்னட எழுத்து. வாய்விட்டுப் படித்தால் தமிழ்.

"வசனமா அம்மா?"

"படிங்க, தெரியும்."

நாலு வரி படித்ததும் தெரிந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். காது சுட்டது. அவர் சிரித்தார்.

"என்ன மேஷ்ட்ரே, உங்களுக்கே வெக்கமா இருக்கா?" வாத்தியாருக்குக் கன்னடத்தில் மேஷ்ட்ரு என்பார்கள். அன்றிலிருந்து அவருக்கு நான் மேஷ்ட்ரு.

அவர் மெல்ல மெல்லச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். தமிழ்ப் படத்துக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் பேச வராது, படிக்கவும் தெரியாது. வசனம் சொல்லிக்கொடுக்க ஓர் உதவி இயக்குநரை வைத்தார்கள். தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அவர் மனப்பாடம் செய்துகொள்வார். அதற்காகவே அந்த மனிதர் கன்னட எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார். முதலில் வசனம் எழுதினார். பிறகு, இவருக்குத் தமிழ் புரியத் தொடங்கியதும், அதே மாதிரித் தாளில், அதே மாதிரிக் காட்சி எண் போட்டு, தன் மனதை எழுதினார்.

தாயின் காவல் இல்லாமல் அந்தக் காலத்தில் எந்த நடிகையும் மூச்சு விட முடியாது. அவருடைய தாய்க்குக் கன்னடம் படிக்க வரும். தமிழ் ஒரு சொல் தெரியாது. வந்த தாள்களை எல்லாம் அந்த அம்மாள் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்ப்பார், வசனம் என்று மகளிடம் கொடுப்பார்.

"பாயிபாட மாடுன்னு எதிர்ல உக்காந்துடுவாங்க. மனப்பாடம் பண்ணு, ஒப்பின்னு. அவர் எனக்கு எழுதினதை நான் எங்கம்மாகிட்டயே ஒப்பிச்சேன், மேஷ்ட்ரே! ஒரு வார்த்தை தடுமாறினா தொடையில கிள்ளு விழும்."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எண்பது வயதைத் தாண்டியவர் சிரிக்கிற சிரிப்பில்லை அது.

கண்ணின் நடுப்பார்வை போய்விட்டதால் அவரால் இப்போது எழுத்தைப் பார்க்க முடியாது. அந்தத் தாள்களைத் தமிழர் யாரிடம் கொடுத்தாலும் எழுத்து தெரியாது. கன்னடர் படித்தால் அர்த்தம் தெரியாது. அதனால்தான் நான். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்குப் போவேன். ஒரு நாளைக்கு ஒரு தாள். நான் படிக்கும்போது அவர் உதடும் கூடவே அசையும். எனக்குச் சில இடத்தில் எழுத்து மங்கித் தெரியாது. அங்கே அவரே சொல்லைச் சொல்லிவிடுவார். மனப்பாடமாக இருப்பதை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குள்ள கேக்கறது என் குரல்தானே. ஒரு ஆம்பளைக் குரல்ல கேக்கணும்னு இருக்கு" என்றார். அதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. கேட்ட எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதல் வாரமே ஒரு நிபந்தனை போட்டார். இதில் இருப்பது எதுவும் இந்த அறையைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் மகள் தாள்களைக் கைபேசியில் படமெடுத்து வைக்கிறேன் என்றபோதும் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். பெயர் கெட்டுவிடும் என்பதற்காக இல்லை. அந்த வயதில் பெயரைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை.

காரணம் இதுதான். அந்த மனிதருக்கு வீட்டில் பெண் பார்த்துக் கட்டிவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் தாள்கள் வந்துகொண்டிருந்தன. இவரும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். "அதைத் தப்பில்லைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். ஒருநாள் அந்த மனைவி கைக்குழந்தையோடு படப்பிடிப்புக்கு வந்தார். இவருடைய விசிறி. தன் கையால் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர் உங்களுக்கு வசனம் சொல்லித் தர்றார்னு எங்க தெருவுக்கே சொல்லியிருக்கேங்க" என்று பூரித்துப்போனாராம். இவர் அந்தப் புளியோதரையை அங்கேயே உட்கார்ந்து, அந்தப் பெண் பார்க்க, மிச்சமில்லாமல் சாப்பிட்டார். மறுநாள் வசனம் சொல்லித்தர வேறு ஆளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதோடு முடிந்தது. இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மனிதர் இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மனைவி சென்னையில் மகனோடு இருக்கிறார்.

"அந்தம்மா இருக்கற வரைக்கும் இது வெளிய போகக் கூடாது, மேஷ்ட்ரே. நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அவங்களுக்குத் தெரியாம வெச்சிருந்ததுதான்."

சத்தியம் செய்தேன். கையில் அடித்தே செய்தேன்.

வீட்டில் என் மனைவி கேட்காத நாளில்லை. "போயும் போயும் எழுபத்தாறு வயசுல சினிமாக்காரங்க வீட்டுக்கு ட்யூஷன் எடுக்கப் போறீங்க. என்னதான் படிக்கிறீங்க, எனக்காவது சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"கட்டினவகிட்டயுமா?"

"யார்கிட்டயும்."

அவள் முகம் சுருங்கியது. எனக்கு அது பெருமையாக இருந்தது. ரகசியத்தைக் காக்கிறவன் என்ற நினைப்பில் சட்டையைக்கூட விறைப்பாகப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆனால் அதே நாட்களில் இன்னொன்றும் செய்தேன். எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு கடிதத்தை, வீட்டுக்கு வந்ததும் நினைவிலிருந்து தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். தாள்கள் பொடிந்துகொண்டிருக்கின்றன, அழிந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையில், என்னிடமும் ஒன்று இருக்கவேண்டும் என்ற ஆசை. படம் எடுக்கக் கூடாது என்று சொந்த அண்ணன் மகளையே தடுத்தவருடைய வீட்டிலிருந்து நான் வாயில் மென்றுகொண்டு வந்து திருடினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஓய்வுபெற்றவர்கள் கூடிப் பழைய பாட்டுப் பாடுவோம். கைபேசியில் இசையை ஓடவிட்டு ஒலிபெருக்கியில் பாடுகிற கூட்டம். இருபது பேர் வருவோம். வங்கியில் வேலை பார்த்த ஒருவர் எங்களில் பெரிய சினிமா மேதை. அன்று அந்த நடிகையின் படத்துப் பாட்டை ஒருவர் பாடி முடித்ததும், இந்த மேதை ஆரம்பித்தார்.

"இந்தம்மா கதை தெரியுமா? ஹீரோதான் வெச்சிருந்தாரு. வீடெல்லாம் வாங்கிக் கொடுத்தாரு. அப்புறம் தொரத்திட்டாரு. அதான் இங்க வந்து யாருக்கும் தெரியாம கெடக்குது."

"அப்படி இல்லை சார்" என்றேன்.

"நீ போய்ப் பாத்தியா வாத்தியாரே? கட்டிலுக்கடியிலயா இருந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். "நான் அவங்க வீட்டுக்கு வாரத்துல ரெண்டு நாள் போறேன்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இன்னொருவர், "குரு, காலையிலயே ஆரம்பிச்சுட்டியா?" என்று என் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

நடிகையின் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசினேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எழுந்து வெளியே போயிருக்கலாம். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. முழுக் கடிதத்தையும் படித்தேன். நன்றாகவே படித்தேன், செவ்வாயும் வெள்ளியும் பழகிய குரல். யார் எழுதியது என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். கன்னட எழுத்து, காட்சி எண், தாயிடம் ஒப்பித்தது, எல்லாம் சொன்னேன். அறையே கப்சிப் என்று கேட்டது. வங்கிக்காரர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். என் ஆயுளில் அவ்வளவு கைதட்டல் நான் வாங்கியதில்லை.

எங்கள் பாட்டுகளை வழக்கமாகப் படமெடுத்துக் குழுவில் போடுகிற நண்பர் அன்றும் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். தெரியாது என்று நான் சொல்ல முடியாது. கைபேசியை என் பக்கம் நீட்டியபோது நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அது ஒரு யூட்யூப் சேனலில் வந்தது. அவருடைய பழைய படம், அந்த மனிதரின் படம், நடுவில் கிழிந்த இதயம், மூலையில் என் முகம். 'நடிகையின் நெருங்கிய நண்பர் உடைத்த ரகசியம்' என்று தலைப்பு. நண்பரைக் கூப்பிட்டு, என்னை ஏமாற்றிவிட்டாய், துரோகி என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார். "சார், உங்ககிட்ட யாரோ நம்பிக் கொடுத்ததை நீங்க எங்களுக்குக் கொடுத்தீங்க. நான் இன்னொருத்தனுக்குக் கொடுத்தேன். என்னை மட்டும் ஏன் திட்டறீங்க?" கைபேசியை வைத்தேன்.

மனைவி அந்தக் காணொளியைச் சமையலறையில் நின்று முழுவதும் பார்த்தாள். முடிந்ததும் கைபேசியை என் பக்கத்தில் வைத்தாள்.

"கட்டினவகிட்ட சொல்லக் கூடாது. மைக் புடிச்சுச் சொல்லலாம். அப்படித்தானே?"

அதற்குப் பிறகு அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரமே சென்னையிலிருந்து அந்த மனிதரின் மகன் அழைத்தார். என் எண் எப்படிக் கிடைத்தது என்று தெரியாது. என்னை விடப் பதினைந்து இருபது வயது சின்னவராக இருப்பார். கத்தவில்லை.

"சார், எங்கம்மாவுக்கு எண்பது வயசு. அந்த நடிகைக்குப் புளியோதரை கட்டிக்கிட்டுப் போன கதையை எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவாங்க. எங்க பசங்களுக்கு மனப்பாடம். இப்ப சொல்ல மாட்டேங்கறாங்க. நேத்து என் பொண்ணு கேட்டா, 'எந்த நடிகை'ன்னாங்க."

கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வயசுல மறுபடி பேர் வரணும்னு அவங்கதானே உங்களை அனுப்பினாங்க?"

இல்லை என்றேன். "நெருங்கிய நண்பர்னு போட்டிருக்கு" என்றார். இல்லை, நான் படிக்கப் போகிறவன், நானாகச் சொன்னேன் என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டார். அந்தச் 'சரி'யில் அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. எத்தனையோ மாணவர்களுடைய விடைத்தாளைத் திருத்தும்போது நானும் அப்படித்தான் 'சரி' என்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் கால் சொன்னது. மண்டியாக்கார அம்மாள் கதவைத் திறந்தார். உள்ளே அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் மடியில் இல்லை. அண்ணன் மகள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றார். மன்னியுங்கள் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தம்மா பாத்தாங்களா?"

அதை மட்டும்தான் கேட்டார். நான் என்ன பேசினேன், ஏன் பேசினேன் என்று கேட்கவில்லை. பார்வை போன கண்ணை என் முகத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்லைம்மா. அவங்க இதெல்லாம் பாக்கறதில்லையாம்" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"மேஷ்ட்ரே, வசனம் சொல்லித் தர்றவர்கிட்ட இருந்து நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். பொய் சொல்றவன் கடைசி வார்த்தையில வேகமாப் போவான். நீங்க வேகமாப் போனீங்க."

அப்போது உண்மையைச் சொன்னேன். மகன் அழைத்ததை, புளியோதரையை, 'எந்த நடிகை' என்று கேட்டதை, அவரே அனுப்பினார் என்று அவர்கள் நினைப்பதை.

"நான் அனுப்பினேன்னு நினைக்கிறாங்களா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. "அப்ப, அன்னிக்கு நான் அதைச் சாப்பிட்டதும் நடிப்புன்னு நினைப்பாங்க."

என்னை இனி வரவேண்டாம் என்றார். அவர் கதவை அடைக்கச் சொல்லவில்லை, நானே அடைத்துவிட்டு வந்தேன்.

சேனல்காரர்களுக்குக் காணொளியை எடுக்கச் சொல்லி எழுதினேன். முழு நேர்காணல் கொடுத்தால் பழையதை எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினேன். பதில் இல்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. நான் எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். கிழித்து என்ன, கடிதம் எனக்கு மனப்பாடம். அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட இங்கே நான் எழுதவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனித்திருப்பீர்கள்.

இரண்டு மாதம் கழித்துக் காய்கறிக் கடையில் மண்டியாக்கார அம்மாளைப் பார்த்தேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கன்னடத்தில் கேட்டேன். நன்றாக இருக்கிறாராம். செவ்வாய், வெள்ளிகளில் இப்போது தான்தான் அந்தத் தாள்களைப் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். "நனகே ஏனூ அர்த்த ஆகல்லா சார்" என்றார், தனக்கு ஒன்றுமே புரிவதில்லை என்று. நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடுகிறேன், ஓட வேண்டிய இடத்தில் நிற்கிறேன், அம்மா திட்டுகிறார், சில சமயம் சிரிக்கிறார் என்றார். புரியாதவரிடம்தான் அவரால் இனி கொடுக்க முடிகிறது. ஆண் குரலில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு அதையும் நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் குடும்பம் நம்பும்படி, அவர் அனுப்பவில்லை என்று அச்சில் வரவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவரைக் கேட்காமல் மறுபடி ஒரு முறை அவர் கதையை வெளியே கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. தமிழில் எழுதி முடித்து, முழுவதையும் கன்னட எழுத்தில் படியெடுத்து, வாசலில் மண்டியாக்கார அம்மாளிடம் கொடுத்தேன். உள்ளே கூப்பிடுவார் என்று சற்று நேரம் நின்றேன். கூப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. கொண்டுவந்த அம்மாள் வாசலிலேயே நின்று சொன்னார். மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். அச்சில் போடலாம், பெயர் வேண்டாம், சென்னைக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்றாராம். ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னாராம். அந்தத் தாளின் ஓரத்தை மடித்துக் கொடுத்திருந்தார்.

மடித்த இடத்தில், அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று தோன்றுகிறது என நான் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.